யவனர் தேறலும் தமிழர் விருந்தும்

சிரம்பான் நகரில் உணவு விடுதி ஒன்றிற் பணிபுரியும் என் பழைய மாணாக்கர் ஒருவர், பொங்கல் விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வந்திருந்தபொழுது என்னிடம் ஒரு வினா எழுப்பினார். "ஐயா, பிரெஞ்சு நாட்டு வெள்ளைத் திராட்சை மதுவில் மணத்துக்கென்றே பேர்பெற்ற வகைகள் சில உண்டு. இன்ன மதுவுக்கு இன்ன உணவு பொருந்தும் என்று எங்களுக்குப் பாடமே நடத்துகிறார்கள். நம் முன்னோர் இப்படி மணம் பார்த்து, உணவு பார்த்துக் குடித்தார்களா? அல்லது நம்மவருக்கு என்றைக்குமே கள்ளுக்கடை ஒன்றுதானா?" என்று கேட்டார்.

வினாவின் முற்பகுதி ஆராய்ச்சிக்கு உரியது; பிற்பகுதி நெஞ்சைத் தைப்பது. தம் பாட்டனார் காலத்துக் கள்ளுக்கடையைப் பற்றி வீட்டிற் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர். குடியைப் பற்றிய தமிழர் வரலாறு அந்தக் கடையிலேயே தொடங்கி அங்கேயே முடிந்ததாக அவர் எண்ணியதில் வியப்பில்லை. சங்கப் பாட்டில் கள் வரும் இடங்களை ஆசிரியர்களாகிய நாமும் விரைந்து கடந்துவிடுகிறோம். நறவு, தேறல், மட்டு, தோப்பி என்னும் சொற்கள் எல்லாவற்றுக்கும் "கள்" என்று ஒரே பொருள் எழுதிப்போட்டு, அடுத்த அடிக்குப் போய்விடுகிறோம். அவ்வாறு கடந்துபோவதால் நாம் இழப்பது யாது என்பதை இங்கே காண்போம்.

மணம் மிக்க மேலைநாட்டு மதுவைப் பற்றிய தமிழ்ச் சான்று புறநானூற்றின் 56ஆம் பாட்டில் உள்ளது. பாடியவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். கணக்காயர் என்பார் எழுத்தும் நூலும் கற்பிக்கும் ஆசிரியர். ஆகவே பாடியவர் நம் தொழிலைச் செய்தவர் ஒருவரின் மகனார் என்பதை ஆசிரியர்கள் நினைவிற் கொள்ளலாம். பாடப்பட்டவன் பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன். யவனர் நல்ல கலத்திற் கொணர்ந்த, குளிர்ச்சியும் நறுமணமும் உடைய தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, நாள்தோறும் அதனை உண்டு இனிது வாழ்க என்று புலவர் அரசனை வாழ்த்துகிறார்.

இதில் மூன்று செய்திகளைக் கருதுதல் வேண்டும். முதலாவது, தேறல் என்னும் சொல். தேறுதல் என்பது தெளிதல். கசடு அடியிற் படிந்து மேலே தெளிந்து நிற்பது தேறல். இரண்டாவது, கலம் என்னும் சொல். அது மரக்கலத்தையும் குறிக்கும், பாண்டத்தையும் குறிக்கும். பழைய உரை அதனைக் குப்பி என்று கொள்கிறது. மூன்றாவது, புலவர் தேர்ந்தெடுத்த அடைமொழிகள். கடுமையையோ மயக்கத்தையோ அவர் கூறவில்லை. குளிர்ச்சியையும் மணத்தையுமே கூறுகிறார். மதுவின் நிறத்தைப் பாட்டுச் சொல்லவில்லை. ஆனால் அதன் தன்மையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

இது வெறும் புனைந்துரையன்று என்பதற்குப் புறச்சான்றுகள் உள. கிறித்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டின் இடைப்பகுதியில், எகிப்திலிருந்து வாணிகம் செய்த பெயர் தெரியாத கிரேக்கர் ஒருவர் எழுதிய எரித்திரையக் கடல் வழிநூல், மேற்கிந்தியத் துறைமுகமான பரிகாசாவில் இறங்கிய பொருள்களைக் கூறுமிடத்து, திராட்சை மதுவையும் சேர்க்கிறது. அங்கே இத்தாலிய மதுவையே சிறப்பாக விரும்பினர் என்றும், சிரியாவின் இலவோதிக்கேய மதுவும் அராபிய மதுவும்கூட வந்தன என்றும் அது கூறுகிறது. சேரநாட்டு முசிறியில் இறங்கியவற்றுள் பெரும்பங்கு நாணயம்; அதனோடு துணி, பவளம், செம்பு, ஈயம், கண்ணாடி முதலியன. மதுவும் இறங்கியது, ஆனால் மிகுதியாக இல்லை. குறைவாக வந்த பொருள் அரசனின் பொற்கலத்துக்குப் போனதில் வியப்பென்ன?

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு இதற்கு மண் தந்த சான்று. அங்கே 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்தனர். அங்குக் கிடைத்த ஆம்போரா என்னும் இருகைச் சாடிகளின் உடைசல்களுள் கோசுத் தீவின் பாணியில் அமைந்தவை மிகுதி. ஒன்றோடொன்று ஒட்டிய இரட்டைத் தண்டு போன்ற கைப்பிடியே அவற்றின் அடையாளம். உரோடுத் தீவு, நிடோசு நகர், இத்தாலியின் கம்பானியா ஆகிய இடங்களின் சாடிகளும் உண்டு. பிற்காலத்தில் கேரளத்துப் பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நடந்த அகழ்வும் இத்தகைய உடைசல்களை ஆயிரக்கணக்கில் வெளிப்படுத்தியது.

கோசுத் தீவின் மதுவைப் பற்றி உரோம அறிஞர் பிளினி ஒரு சுவையான செய்தி தருகிறார். அத்தீவினர் மதுவிற் கடல்நீரைத் தாராளமாகக் கலப்பர். அளவு குறையாமற் காட்டுவதற்காக அடிமை ஒருவன் திருட்டுத்தனமாகச் செய்த வேலை அது. பின்னர் அதுவே வழக்கமாயிற்று என்கிறார். வெள்ளைத் திராட்சைச் சாற்றில் அவ்வாறு கலந்து செய்ததற்கு வெண்கோசு என்று பொருள்படும் தனிப் பெயரும் இருந்தது. உப்பு நீர் மதுவைக் கெடாமற் காத்தது. சாடியின் உட்புறத்தில் பிசின் பூசினர். அதன் மணமும் மதுவில் ஏறும். ஆடித் திங்களை ஒட்டி எகிப்தை விட்டுப் பருவக்காற்றில் ஓடிவரும் கப்பலுக்கு இத்தகைய மதுவே தக்கது. உரோமர் அளவையில் ஓர் ஆம்போரா என்பது ஏறத்தாழ 26 லிட்டர். மண்சாடியின் கனமும் சேர, ஒரு சாடியைக் கடல் கடத்துவது எத்துணைச் செலவு என்பதை எண்ணிக்கொள்க.

இந்தப் பண்டமாற்றில் மறுபக்கமும் உண்டு. யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு கூறுகிறது. அந்த மிளகு எங்கே போயிற்று? அப்பீசியசின் பெயரால் வழங்கும் உரோமச் சமையல் நூலில், மதுவிலே தேனும் மிளகும் குங்குமப்பூவும் பிறவும் இட்டுக் காய்ச்சும் முறை ஒன்று உள்ளது. நம் மிளகு அவர்கள் மதுவில் விழுந்தது. அவர்கள் மது நம் அரசன் கலத்தில் விழுந்தது. இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செசுடர்சு நாணயத்தை உறிஞ்சுகிறது என்று பிளினி வருந்தியதும் இவ்வாணிகத்தை நினைந்தே.

இனி, நம் நாட்டுக் குடிவகைகளைப் பார்ப்போம். சங்கச் சொற்களை நோக்குமிடத்து, ஒவ்வொன்றும் ஒரு வேறுபாட்டைச் சுமந்து நிற்பது புலனாகும். அரித்து எடுப்பது அரியல். பிழிந்து எடுப்பது பிழி. நெல்லாற் சமைப்பது தோப்பி. நறுமையோடு தொடர்புடையது நறவு. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து மக்கள் மட்டினை நீக்கி மதுவினை விரும்பினர் என்று வருகிறது. ஒன்றை விட்டு ஒன்றைத் தேரும் சுவையுணர்வு இது. அப்பாட்டிலேயே காழகத்திலிருந்து அந்நகருக்கு வந்த பொருள்களும் பேசப்படுகின்றன. உரையாசிரியர் காழகத்தைக் கடாரம் என்கிறார். ஆகவே நாம் வாழும் இத்தீபகற்பமும் அந்த வாணிகத்துக்குப் புறம்பானதன்று.

நாட்டுத் தேறலைப் புலவர் எவ்வாறு புகழ்ந்தனர்? புறநானூற்றின் 392ஆம் பாட்டில், நாள்பட முதிர்ந்த தேறலின் கடுப்பை ஔவையார் தேள் கொட்டும் கடுப்புக்கு ஒப்பிடுகிறார். சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார், பாம்பின் சினம் போன்றது என்கிறார். முதிர்ச்சியும் வேகமுமே இங்குப் பெருமை. பொருநராற்றுப்படையில் பூமணம் கமழும் தேறலும் உண்டு. ஆகவே மணத்தை நம்மவர் அறியாதவரல்லர். ஆயினும் தேளும் பாம்பும் உவமையாக வரும் தேறலையும், குளிர்ச்சியும் மணமும் மட்டுமே கூறப்படும் யவனர் தேறலையும் அருகருகே வைத்துப் படித்தால், நக்கீரனார் அடைமொழியை அளந்து இட்டார் என்பது விளங்கும். இரண்டையும் "கள்" என்று எழுதிவிட்டால் இந்நுட்பம் மறைந்தே போகும்.

உணவுப் பொருத்தத்துக்கு வருவோம். ஆற்றுப்படை நூல்கள் இதற்குச் சிறந்த கருவூலம். நெய்தல் நிலத்து எயிற்பட்டினத்தில் நுளையர் மகள் அரித்த தேறலுக்குச் சுட்ட உலர்ந்த குழல்மீன் துணை என்று சிறுபாணாற்றுப்படை கூறும். தொண்டைநாட்டுப் பட்டினத்தில், குழியில் வைத்துக் கொழுக்க வளர்த்த பன்றியின் இறைச்சியோடு நறவு கிடைக்கும் என்று பெரும்பாணாற்றுப்படை கூறும். கரிகாலன் அவையில், வெந்த ஆட்டிறைச்சியும் இரும்புக் கம்பியிற் கோத்துச் சுட்ட ஊனும் தேறலுக்குப் பின் வருகின்றன.

இவற்றுள் மலைபடுகடாம் காட்டும் மலைநாட்டு விருந்து தனிச்சிறப்புடையது. தேனாற் செய்து மூங்கிற் குழாயில் விளையவைத்த தேறல் அது. நெகிரி செம்பிலானில் வாழும் நமக்கு மூங்கிலின் மணம் புதிதன்று. பெருநாட் காலத்தில் மூங்கிலில் வேகும் லெமாங் சோற்றில் அம்மணத்தை அறிவோம். அந்தத் தேறலை இரவில் உண்டவர்க்கு மறுநாட் காலையில் என்ன உணவு தந்தனர் என்பதையும் பெருங்கௌசிகனார் விடாமற் கூறுகிறார். மயக்கம் தீர, கடமான், முள்ளம்பன்றி முதலியவற்றின் இறைச்சி சேர்த்து, புளியும் மோரும் கலந்து ஆக்கிய மூங்கிலரிசிச் சோறு. இரவு உணவுக்கு ஒரு பொருத்தம், காலை மயக்கத்துக்கு மற்றொரு பொருத்தம். நிலம், குடி, உணவு மூன்றும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் இந்த அறிவு நம்மிடம் இருந்தது.

மாணாக்கர் கேட்ட பிரெஞ்சு மதுவையும் இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம். திராட்சைக் கொடி பிரான்சு நாட்டில் வேரூன்றியதிலும் கிரேக்கர் கை உண்டு, ஏறத்தாழக் கி.மு. 600இல் போகேயாவிலிருந்து வந்த கிரேக்கர் மசாலியாவை, அதாவது இன்றைய மார்சேய் நகரை நிறுவினர். அந்நாட்டில் மணமிக்க வெள்ளை மதுவுக்குப் பேர்போனது கிழக்கெல்லையில் உள்ள அல்சாசு. 1871இல் செருமனிக்குப் போய், 1918இல் பிரான்சுக்கு மீண்டு, 1940 முதல் 1945 வரை மறுபடியும் செருமன் பிடியில் இருந்த நிலம் அது. அதன் மதுவுக்கு 1962இல் காப்புப் பெயர் கிடைத்தது. பிரெஞ்சு மது பெரும்பாலும் ஊர்ப்பெயரால் வழங்க, அல்சாசு மது திராட்சையின் பெயராலேயே வழங்குவதால் தேர்வது எளிது. மசுகாத்து தின்னும் திராட்சையின் மணத்தையே தரும். கெவுர்ட்சுதிராமினர் ரோசாவும் லிச்சிப் பழமும் போல் மணக்கும். ரீஸ்லிங் எலுமிச்சையின் புளிப்பும் தூய்மையும் உடையது. தெற்கே ரோன் ஆற்றங்கரைக் கோந்திரியுவில் விளையும் வியோஞ்ஞியே சர்க்கரை பாதாமிப் பழ மணம் உடையது.

இம்மணங்களுக்குக் காரணமான பொருள்கள் நமக்கு அயலானவை அல்ல. மசுகாத்தில் உள்ள லினலூல் என்னும் பொருளே கொத்துமல்லி விதையின் மணத்துக்கும் முதற்காரணம். கெவுர்ட்சுதிராமினரில் உள்ள ஜெரனியால் ரோசாப்பூவிலும் உண்டு. நம் தோட்டத்து வீடுகளின் கொல்லையில் வளரும் செராய்ப் புல்லின் மணமும் அதற்கு உறவானது. ஆகையால்தான் கொத்துமல்லி, இஞ்சி, செராய் சேர்ந்த ஆசிய உணவுக்கு இம்மதுவைச் சொல்கிறார்கள். மணம் மணத்தோடு சேர்கிறது என்பதே அதன் உட்பொருள்.

காரத்தைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். சங்க காலத்துக் காரம் மிளகு. மிளகாய் அமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் வழியே வந்தது 16ஆம் நூற்றாண்டில். மிளகாயின் எரிவைச் சாராயச் சத்து மிகைப்படுத்தும். சிறிது இனிப்பு தணிக்கும். எனவே சிலி ஆப்பி அரைத்துத் தேங்காய்ப்பாலில் ஆக்கும் இவ்வட்டாரச் சமையலைப் போன்ற எரிவுக்கும், நம் வீட்டு மீன்குழம்பின் எரிவுக்கும், சத்துக் குறைந்து இனிப்பு எஞ்சிய ரீஸ்லிங் போன்றதைத் தேர்வர். கடுமையான மது அங்கே ஒவ்வாது. வறுத்த மீனுக்குப் புளிப்பும் தெளிவும் உடையதைத் தேர்வர். எயிற்பட்டினத்துப் பரதவர் சுட்ட மீனுக்கு அரித்தெடுத்த தேறலைத் தேர்ந்ததை இங்கு நினைவுகூர்தல் தகும்.

குளிர்ச்சிக்கும் அளவு உண்டு. மணத்தைத் தரும் பொருள்கள் ஆவியாகி எழுபவை. மது மிகக் குளிர்ந்தால் மணம் எழாது. சூடேறினால் மணம் கலைந்து சாராய நெடி மிஞ்சும். ஆகவே 8 முதல் 12 பாகை வெப்பநிலையில் இம்மதுவை வழங்குவர். மணத்துக்காகவே விரும்பும் வகைகளை இளமையிலேயே அருந்துவர். நாட்பட்டால் பெரும்பாலும் மணம் மங்கும். ரீஸ்லிங் போன்ற சில மட்டும் முதிர்ச்சியைத் தாங்கும். குளிர்ச்சியும் மணமும் ஒருங்கே நிற்பது அரிது என்பதை இதனால் அறிகிறோம். நக்கீரனார் அவ்விரண்டையும் ஒருங்கே கூறியது இப்பொழுது இன்னும் தெளிவாக விளங்குகிறதன்றோ?

இவ்வளவும் கூறியதால் குடியைப் போற்றுகிறேன் என்று அன்பர்கள் கருதவேண்டா. சங்க காலத்திலும் யவனர் தேறல் அரசனுக்குரியது. பாணர்க்கு வள்ளல் தந்தால் உண்டு. அச்சமுதாயத்தை அடுத்தும் ஒட்டியும் எழுந்த அறநூல்கள் குடியைக் கண்டித்தன. திருவள்ளுவர் 93ஆம் அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கே ஒதுக்கினார். மணிமேகலையில், கப்பல் கவிழ்ந்து நாகர் மலையில் ஒதுங்கிய சாதுவன், நாகர் தலைவன் அளித்த கள்ளையும் ஊனையும் மறுத்து, அவனுக்கு அறம் உரைக்கிறான். குடியை நுணுகி அறிந்த சமுதாயமே அதன் தீமையையும் நுணுகி அறிந்து பேசியது.

ஆயினும் சங்கப் பாட்டின் குடிக்கும் தோட்டக் கள்ளுக்கடைக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே குடி விருந்தின் ஒரு பகுதி, உணவோடு வந்தது, கொடுப்பவன் உடனிருந்தான். புறநானூற்றின் 235ஆம் பாட்டில் அதியமானை இழந்து ஔவையார் புலம்பும்பொழுது, கள் குறைவாயின் எமக்கே தந்தான், மிகுதியாயின் உடனிருந்து மகிழ்ந்தான் என்றே நினைவுகூர்கிறார். அதே மூச்சில் சோற்றையும் ஊனையும் பகிர்ந்ததைச் சொல்கிறார். வெள்ளையர் ஆட்சிக் காலத் தோட்டத்திலோ, உரிமம் பெற்ற கடையில், கூலிப் பணத்துக்கு விற்கப்பட்டது கள். தென்னங்கள் சில மணி நேரத்திற் பொங்கிப் புளித்து, ஒரு நாளிற் காடியாகத் திரிவது. அதைத் தெளியவைக்கவும் முதிரவைக்கவும் பொழுதில்லை. விருந்தும் இல்லை, கொடுப்பவனும் இல்லை. பால்வெட்டி வந்த உழைப்பாளியின் வெறும் வயிற்றில் அது விழுந்தது. உணவுக்குத் துணையாக இருந்த குடி, உணவைப் பறிக்கும் குடியாயிற்று.

இதைத் தோட்ட மக்களே முதலில் உணர்ந்தனர். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் தலைமையில் எழுந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், கூலி உயர்வோடும் பிள்ளைகளின் கல்வியோடும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் இடம்பெற்றது. 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக எழுந்து காவலரின் அடக்குமுறைக்கு ஆளாயினர். பள்ளிக்கூடமும் கள்ளுக்கடையும் ஒரே கோரிக்கைத் தாளில் எதிரெதிராக நின்றதை ஆசிரியர்கள் மறத்தலாகாது. ஒன்றைத் திறக்கவும் மற்றொன்றை மூடவும் அம்மக்கள் கேட்டனர்.

ஆதலால் சங்கப் பாட்டிற் கள் வரும் இடத்தை மறைப்பதும் வேண்டா. அதைக் கொண்டு பெருமையடிப்பதும் வேண்டா. தேறலைத் தேறல் என்றும், தோப்பியைத் தோப்பி என்றும், சொல்லின் பொருள் குன்றாமல் மாணாக்கர்க்குச் சொல்வோம். எந்த நிலத்தில், எந்த உணவோடு, யார் கையால் அது வந்தது என்று சேர்த்துச் சொல்வோம். பின்னர் வள்ளுவரையும், அதன்பின் நம் தோட்டத்துக் கள்ளுக்கடையையும் சொல்வோம். முழு வரலாறும் அறிந்த பிள்ளைக்கு எதை வெறுப்பது, எதை வெட்கப்படாமற் கற்பது என்பது தானே விளங்கும்.

என் மாணாக்கரிடம் இதையே சுருக்கமாகக் கூறினேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்து, "அப்படியானால் எங்கள் தாத்தாவுக்குக் கிடைத்தது நம் முன்னோர் குடித்ததன்று, ஐயா" என்றார். அவர் குடிப்பவர் அல்லர். பிறர்க்குப் பரிமாறுவதே அவர் தொழில். விடைபெறும்பொழுது, புறநானூற்றுப் பாட்டின் எண்ணை ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டார். எழுதிக் கொடுத்தேன்: 56, அதன் கீழே, 235.